மரடோனா இன்று ஆடினால்?

பழைய கால்பந்து நட்சத்திரங்கள் இன்றைய ஆட்டத்திலும் ஆதிக்கம் செலுத்துவார்களா என்ற கேள்விக்கு, எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. ஆனால் அர்ஜென்டினாவின் மரடோனா இன்றும் கொடிகட்டிப் பறப்பார் என்று உறுதியாக நம்புகிறேன்.

அவர் அடிவாங்கிக்கொண்டே ஆடியவர். 1982 உலகக் கோப்பையில் இத்தாலியின் ஜென்டிலே ஆட்டம் முழுக்க அவரை இழுத்தும் இடித்தும் முடக்கினார், ஆனாலும் வெளியேற்றப்படவில்லை. அடுத்த ஆண்டு, ஸ்பெயினின் பில்பாவோ அணியைச் சேர்ந்த கோய்கோச்சியா பந்தைப் பறிக்கப் பின்னாலிருந்து போட்ட டேக்கிளில் மரடோனாவின் கணுக்கால் முறிந்தது. இன்று அதற்கு நேரடியாகச் சிவப்பு அட்டைதான். 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்து வீரர்களை வரிசையாகக் கடந்து அடித்த அந்த இரண்டாவது கோலும் மெக்சிகோவின் அஸ்டெகா மைதானத்தின் மேடுபள்ளமான புல்லில் வந்ததே. இப்போதைய வழுவழுப்பான தரையில், இந்த அளவு பாதுகாப்போடு ஆடவிட்டால் அவரை யார் நிறுத்துவது?

ஒரு சிக்கல் உண்டு. இன்று பந்தை இழந்த நொடியே முன்கள வீரரும் ஓடிப் பறிக்க வேண்டும். அந்த ஓட்டத்துக்கு அவர் உடலைத் தயார் செய்தாக வேண்டும். இளம் வயதிலேயே இன்றைய பயிற்சி கிடைத்தால் அது முடியாததல்ல.

உண்மையில் திணறப்போவது அந்தக் கால கோல்கீப்பர்கள்தான். சக வீரர் காலால் திருப்பி அனுப்பும் பந்தை 1992 வரை அவர்கள் கையில் எடுக்கலாம். இப்போது நெருக்கடியில் காலால்தான் பாஸ் கொடுக்க வேண்டும்.