வரும் செய்திகளை வாங்கும் கருவி: கையேடு எழுதுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

டர்பன் வட்டாரத்துக் கோயில் அலுவலகங்கள், தமிழ் வகுப்புகள், வீட்டில் சமைத்து விற்பவர்கள் ஆகியோருக்காக ஒரு சின்னக் கருவி செய்திருக்கிறோம். வாட்ஸ்அப், ஃபேஸ்புக் பக்கத்தின் மெசஞ்சர், டெலிகிராம் மூன்றிலும் வரும் செய்திகளை வாங்கி ஒரே அட்டவணையில் போடும். கருவி ஓடுகிறது, கையேடுதான் இல்லை. எழுத முன்வந்தவர்கள் கேட்டவையும் என் பதில்களும் கீழே.

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு கோயில் செயலாளர்: முதல் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும், தம்பி?

இது எதைக் கொண்டுவராது என்பது இருக்க வேண்டும், அண்ணே. கொண்டுவருவது திரையில் தானே தெரிந்துவிடும். வராததை யாராவது சொன்னால்தான் உண்டு. வாட்ஸ்அப் கிளவுட் ஏபிஐ (நிரல்கள் வாட்ஸ்அப்போடு பேசும் வழி), செய்தி வந்த நேரத்தில் அதை நம் முகவரிக்குத் தள்ளிவிடும். அதைத்தான் வெப்ஹுக் என்கிறோம். கருவியை நிறுவுவதற்கு முன் வந்தவை நம் அட்டவணைக்கு வராது. மெசஞ்சரில் அப்படியில்லை, பக்கத்துக்கு வந்த பழைய உரையாடல்களையும் அனுமதி இருந்தால் கேட்டு வாங்கலாம். இந்த வித்தியாசத்தை முதல் பக்கத்தில் எழுதாவிட்டால், போன வருடக் காவடிக் கேள்விகள் எங்கே என்று தைப்பூசத்துக்கு முந்தைய நாள் உங்களுக்குத்தான் போன் வரும்.

ஃபீனிக்ஸ், தமிழ் வகுப்பு ஆசிரியை: கரண்ட் போய் கணினி அணைந்திருக்கும்போது வந்த செய்திகள் தொலைந்துவிடுமா?

நல்ல கேள்வி, அக்கா. இதற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கலாம். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) அடங்கிவிட்டது என்று நினைத்தாலும் தெருவில் கேபிள் போனால் அதே கதைதான்.

வாட்ஸ்அப் அனுப்பியதை நம் சர்வர் 200 (கிடைத்தது என்பதற்கான குறியீடு) என்று பதில் சொல்லி ஏற்காவிட்டால், இடைவெளியைக் கூட்டிக்கொண்டே 7 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். டெலிகிராம், நம் கருவி இன்னும் வாங்காத செய்திகளை அதற்காக 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காது. ஆக, சனிக்கிழமை காலை அணைந்த கணினியைத் திங்கள்கிழமை போட்டால் வாட்ஸ்அப் செய்திகள் பெரும்பாலும் வந்து சேரும், டெலிகிராமில் சனிக்கிழமை வந்தவை போயே போச்சு. இந்த இரண்டு எண்களையும் கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

டோங்காட், மென்பொருள் படிக்கும் மாணவர்: டெலிகிராமில் ஒரே செய்தி மறுபடி மறுபடி வருகிறதே, அண்ணா?

ஆஃப்செட்டை, அதாவது அடுத்து எந்த எண்ணிலிருந்து வேண்டும் என்பதை, நகர்த்தாததால் வருகிறது, தம்பி. கையேட்டில் இதை விளக்குவதைவிட நடத்திக் காட்டுங்கள். மூன்று செய்திகள் வந்திருப்பதாக வைத்துக்கொள்:

701 – பால்குடம் எத்தனை மணிக்கு?
702 – கார் நிறுத்த இடம் உண்டா?
703 – ஒரு படம்

கெட்அப்டேட்ஸ் (வந்த செய்திகளைத் தா என்று டெலிகிராமைக் கேட்கும் கட்டளை) என்று சும்மா கேட்டால் மூன்றும் வரும். இன்னொரு முறை கேட்டாலும் அதே மூன்றுதான். ஆஃப்செட் 704 என்று கேட்டால்தான் 703 வரை வாங்கியாயிற்று என்று டெலிகிராம் எடுத்துக்கொள்ளும், அவற்றை மறுபடி தராது. இங்கே வரிசை முக்கியம். முதலில் அட்டவணையில் சேமி, அப்புறம் 704 கேள். மாற்றிச் செய்து நடுவில் கரண்ட் போனால் அந்த மூன்றையும் யாராலும் மீட்க முடியாது. சரியான வரிசையில் செய்தாலும் சில சமயம் ஒன்று இரண்டு முறை வரத்தான் செய்யும். அதனால் செய்தி எண்ணைப் பார்த்து, ஏற்கெனவே இருப்பதைத் தள்ளிவிடு. இரண்டு முறை வருவதைச் சமாளிக்கலாம், வராமல் போனதை என்ன செய்வது? வாட்ஸ்அப்புக்கும் இதே நியாயம்தான், சேமித்த பிறகே 200 சொல்ல வேண்டும்.

டெலிகிராமில் வெப்ஹுக் போட்டிருந்தால் கெட்அப்டேட்ஸ் வேலை செய்யாது, இரண்டில் ஒன்றுதான். இதையும் ஒரு வரி எழுதிவிடு.

அதே மாணவர்: டெலிகிராம் குழுவில் கருவியின் பாட்டை (bot, தானியங்கிக் கணக்கு) சேர்த்தேன், ஒன்றும் வரவில்லை.

பிரைவசி மோட் இயல்பாகவே போட்டிருக்கும். பாட்டுக்கான கட்டளைகள், அதற்கு வரும் பதில்கள் போன்றவை மட்டும்தான் தெரியும். பாட்ஃபாதரில் (பாட்களை நிர்வகிக்க டெலிகிராம் தரும் பாட்) அதை அணைத்து, பாட்டைக் குழுவிலிருந்து நீக்கி மறுபடி சேர். ஆனால் குழுவில் இருப்பவர்களிடம் முதலில் சொல்லிவிடு.

மெரிபேங்க், பலகாரம் விற்பவர்: மெசஞ்சர் ஆர்டருக்கு மட்டும் தேதி கன்னாபின்னாவென்று வருகிறது.

வாட்ஸ்அப்பும் டெலிகிராமும் நேரத்தை நொடிக்கணக்கில் தருகின்றன, மெசஞ்சர் மில்லிநொடியில். 1735689600 என்பது 2025 ஜனவரி 1, உலக நேரம் நள்ளிரவு. நமக்கு இரண்டு மணி நேரம் கூட்டி அதிகாலை 2 மணி. மெசஞ்சரில் அதே நேரம் பின்னால் மூன்று சுழியத்தோடு வரும். வகுக்காமல் விட்டால் உங்கள் முறுக்கு ஆர்டர் 56,000-ஐத் தாண்டிய ஏதோ ஓர் ஆண்டில் போய் உட்காரும், ஆன்ட்டி. இதைச் சரிசெய்ய வேண்டியது கருவிதான், நீங்கள் அல்ல. கையேட்டில் நேரம் தென்னாப்பிரிக்க நேரம் என்று சொன்னால் போதும்.

வெருலம்: படங்களின் சுட்டி திறக்க மாட்டேன் என்கிறது.

வாட்ஸ்அப் தரும் படச் சுட்டி 5 நிமிடம்தான் உயிரோடு இருக்கும், அதுவும் டோக்கனோடு (கருவியின் ரகசியச் சாவி) போனால்தான் திறக்கும். அட்டவணையில் சுட்டியை வைத்துப் பயனில்லை. செய்தி வந்த கையோடு படத்தை இறக்கிக்கொள்ள வேண்டும்.

லெனேசியா, கணக்கர்: எக்செலில் தமிழ் கிறுக்கலாக வருகிறது.

கோப்பு யூடிஎஃப்-8 (தமிழையும் தாங்கும் எழுத்துக் குறிமுறை), எக்செல் வேறு எதையோ நினைத்துக்கொள்கிறது. இரண்டு தட்டித் திறக்காமல் டேட்டா பட்டியல் வழியாக இறக்குமதி செய்து யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள்.

மீண்டும் சாட்ஸ்வொர்த்: உதாரணத்துக்கு உண்மையான செய்திகளின் படத்தையே போடலாமா? புரிய எளிதாக இருக்குமே.

வேண்டாம், அண்ணே. போபியா என்ற தென்னாப்பிரிக்கத் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடப்பில் இருக்கிறது. பெயரும் போன் எண்ணும் தனிப்பட்ட தகவல். மத நம்பிக்கையை அந்தச் சட்டம் இன்னும் கறாரான சிறப்பு வகையில் வைத்திருக்கிறது. யார் எந்த வேண்டுதலுக்காகக் காவடி எடுக்கிறார் என்று கோயிலுக்கு எழுதியதைக் கையேட்டில் ஒட்டினால் சட்டம் இருக்கட்டும், அவர் முகத்தில் எப்படி முழிப்பது? உதாரணச் செய்திகளை நீங்களே எழுதுங்கள். டோக்கனும் அப்படித்தான், கையேட்டில் இருப்பது போலியாக இருக்கட்டும். டெலிகிராமின் உண்மையான டோக்கன் ஏதாவது படத்தில் ஏற்கெனவே போயிருந்தால் படத்தை அழித்தால் மட்டும் போதாது. பாட்ஃபாதரில் அதை ரத்து செய்து புதிது வாங்கி, கருவியின் அமைப்பில் மாற்றிவிடுங்கள்.