வெள்ளிச் சுரங்கத்தில் லாபம் வருகிறது, பணம் எங்கே போகிறது?

கேள்வி: மெக்சிகோவில் வெள்ளி வெட்டும் சிறிய கனடா நிறுவனம் ஒன்றின் பங்கை வாங்கியிருக்கிறேன். வெள்ளி விலை ஏறியிருக்கிறது, நிறுவனமும் லாபம் காட்டுகிறது. ஆனால் கையிருப்புப் பணம் குறைகிறது, புதுப் பங்கும் வெளியிடுகிறார்கள். கணக்கில் தில்லுமுல்லா?

பதில்: அப்படி இருக்க வேண்டியதில்லை. சுரங்கப்பாதை வெட்டும் பணம் இன்றே கையை விட்டுப் போய்விடும். லாபக் கணக்கிலோ அது மூலதனச் செலவாக ஒதுங்கி நின்று, தாது எடுக்க எடுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். அங்கே பல சுரங்கங்களில் வெள்ளி பாறைக்குள் நரம்புபோல ஓடுகிறது. அடுத்த வருடத் தாதுவைத் தொட இந்த வருடமே பாதை வெட்டியாக வேண்டும். வெட்டுவதை நிறுத்தினால் சில காலாண்டுகளுக்குப் பணம் மிஞ்சும், அப்புறம் ஆலைக்கு அரைக்கக் கல் இருக்காது.

அதனால் லாபம் என்று காட்டும் எண்ணை விடுங்கள். பணம் வந்து போனதைக் காட்டும் கேஷ் ஃப்ளோ அறிக்கையில், செயல்பாட்டில் வந்த பணத்திலிருந்து சுரங்கம், கட்டடம், இயந்திரத்துக்குப் போனதைக் கழித்துப் பாருங்கள். மிச்சம்தான் உங்களுக்குச் சொந்தம்.

யூடியூபிலும் டெலிகிராமிலும் ஏஐஎஸ்சி என்ற ஒன்றைக் காட்டி மயக்குவார்கள். ஒரு அவுன்ஸ் எடுக்க ஆகும் 'எல்லாம் அடங்கிய செலவு' என்று பெயர். வருமான வரி, கடன் தவணை, புதுச் சுரங்கம் திறக்கும் செலவு எதுவும் அதில் கிடையாது! உலகத் தங்க கவுன்சில் 2013-ல் தங்கத்துக்காக வகுத்ததை வெள்ளிக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பேச்சுக்கு, அவுன்ஸுக்கு 22 டாலர் செலவு, 30 டாலர் விலை, வருடம் 20 லட்சம் அவுன்ஸ் என்றால் 1.6 கோடி டாலர் மிச்சம்போலத் தெரியும். புதுச் சுரங்கத்துக்கு 1.2 கோடி போனால், மீதியில் வரியும் வட்டியும் கட்ட வேண்டும். பரிந்துரைக் கட்டுரையின் அடியில் பொடி எழுத்தில் 'நிறுவனத்திடம் கட்டணம் பெற்றோம்' என்றிருந்தால் மேலே படிக்கவே வேண்டாம்.

பணம் குறைவதில் மெக்சிகோ அரசின் கையும் உண்டு. வாங்கும் பொருளுக்கு 16% மதிப்புக் கூட்டு வரி கட்டிவிட்டு, ஏற்றுமதியாளர் திரும்பப் பெறக் காத்துக்கிடக்க வேண்டும். வெட்டியவன் பணம் அரசிடம் தூங்கும். அந்த நேரத்தில் இவன் கடன் வாங்குவான். எந்த ஊர் வரி அலுவலகமும் இதில் ஒரே ஜாதிதான்.

ஒரு விதிவிலக்கு. இரண்டாவது சுரங்கம் கட்டும்போது பணம் குறைவது நோயல்ல. ஆனால் கட்டுமானத்துக்கான முழுப் பணமும் வேலை தொடங்கும் முன்பே திரட்டப்பட்டிருக்க வேண்டும். பழைய சுரங்கம் தன் பராமரிப்பைத் தானே தாங்க வேண்டும். செலவு அறிவித்த தொகைக்குள் நிற்க வேண்டும். பாதியில் 'இன்னும் கொஞ்சம்' என்று வந்தால் விதிவிலக்கு முடிந்தது.

உங்கள் நிறுவனம் விற்கும் புதுப் பங்கு சந்தை விலைக்குக் கீழேயா, கூடவே வாரன்ட்டும் (பின்னால் குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை) தருகிறார்களா என்று பாருங்கள். கனடாவில் தனியார் ஒதுக்கீட்டில், அதாவது சந்தைக்கு வெளியே நிறுவனத்திடமே நேரடியாக, வாங்கியவர்கள் நான்கு மாதம் காத்திருந்து, பங்கை விற்றுப் போட்ட முதலை எடுத்துக்கொண்டு வாரன்ட்டை வைத்துக்கொள்வது வழக்கம். நடுவில் நிற்கும் தரகருக்குக் கமிஷன். விலை சரிவது உங்களுக்கு. கையிருப்பு இரண்டு காலாண்டுச் செலவுக்குக்கூடப் போதாதென்றால், அடுத்த ஒதுக்கீடு முடியும்வரை கூடுதலாக ஒரு பங்கும் வாங்காதீர்கள்.