பேர் தெரியாத மாத்திரை வேண்டாம்

கேள்வி: அம்மாவுக்கு வயது 63. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். முட்டிவலிக்கு எங்கள் ஊர் மெடிக்கலில் 'செட் மாத்திரை' வாங்கித் தருகிறோம். ஒரு வேளைக்கு மூன்று மாத்திரை, சின்னக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். போட்டால் சீக்கிரமே எழுந்து நடமாடுகிறார். ஆனால் இரண்டு மாதமாகக் கால் வீங்குகிறது. தொடர்ந்து கொடுக்கலாமா? (விருதுநகர் வாசகி)

பதில்: நாளைக்கே அம்மாவை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். கையோடு அந்தக் கவரையும் எடுத்துப் போங்கள். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ நாளை வரைக்கும்கூட காத்திருக்க வேண்டாம்.

கவரைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். மூன்றிலும் பெயர் இருக்காது, எத்தனை மில்லிகிராம் என்று இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. அதெல்லாம் கடையில் இருக்கும் அட்டையோடு போய்விட்டது. பொதுவாக இந்த செட்டுகளில் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை ஒன்று இருக்கும், வயிற்றெரிச்சலுக்கு ஒன்று இருக்கும். மூன்றாவதாக ஸ்டீராய்டு சேர்ப்பவர்களும் உண்டு. எனக்கு பயமே அந்த மூன்றாவது மாத்திரைதான்.

டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள், வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் சுரப்பதைக் குறைக்கின்றன. வலி நிற்பது அதனால்தான். ஆனால் வயிற்றின் உள்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதும் அதே பொருள்தான். அதைத் தினமும் தடுத்துக்கொண்டே இருந்தால் வயிற்றில் புண் வரும், உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பிரஷர் ஏறும். ஒரு பக்கம் பிரஷர் மாத்திரை இறக்குவதை இந்த மாத்திரை மறுபக்கம் ஏற்றிவிடும். சில பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இன்னும் கெடுதல். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்றைக்கே கடைக்காரரிடம் மூன்று மாத்திரைகளின் பெயரையும் எழுதி வாங்குங்கள். ஸ்டீராய்டு இருந்தால், அதுவும் பல வாரம் சாப்பிட்டிருந்தால், அதை மட்டும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்து போயிருக்கும். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இன்னொன்று. அசிக்ளோஃபினாக் மாத்திரைகள் பலவற்றில் 325 மில்லிகிராம் பாராசிட்டமாலும் சேர்ந்தே வருகிறது. செட்டை மூன்று வேளை போட்டு, காய்ச்சல் என்று 650 மில்லிகிராம் பாராசிட்டமாலான டோலோ 650-ஐ நான்கு முறையும் போட்டால் மொத்தம் 3,575 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு உச்ச அளவே 4,000. வயதானவர்கள், மெலிந்தவர்கள், தினமும் குடிப்பவர்களுக்கு அதைவிடக் குறைவு. அளவு மீறினால் அடி விழுவது கல்லீரலில். முதல் நாள் ஒன்றுமே தெரியாது என்பதுதான் கொடுமை.

டைக்ளோஃபினாக் அட்டையில் சிவப்புக் கோடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. பேட்ச் எண், காலாவதித் தேதி போட்ட பில் கேளுங்கள். தர மறுத்தால் மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லலாம்.

சரி, வலிக்கு என்ன செய்வது? முட்டிக்கு டைக்ளோஃபினாக் ஜெல் தடவலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரத்தத்தில் கலப்பது மாத்திரையைவிட மிகக் குறைவு. தொடைத் தசைக்குப் பயிற்சியும் சொல்லித் தருவார்கள். மாத்திரை போல உடனே கேட்காது, ஆனால் சிறுநீரகத்துக்குக் கெடுதல் மிகக் குறைவு.

கேள்வி: மக்கள் மருந்தகத்தில் பாராசிட்டமால் விலை குறைவு. வேலை செய்யுமா? (தென்காசி வாசகர்)

பதில்: செய்யும், அதே மருந்துதான். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் வாங்கலாம். பாராசிட்டமால் 500, 650 இரண்டும் விலைக் கட்டுப்பாட்டில் உள்ளவை. சாதாரணத் தலைவலிக்குப் பலருக்கு 500 போதும்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து 5 மில்லி கொடுப்போம். புது பாட்டில் வாங்கினோம். அதே அளவு கொடுக்கலாமா? (கரூர் வாசகர்)

பதில்: லேபிளைப் படிக்காமல் கொடுக்காதீர்கள். 5 மில்லியில் 120 மில்லிகிராம் பாராசிட்டமால் உள்ள பாட்டிலும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. படம், நிறம், வாசனை எல்லாம் ஒன்று போலவே இருக்கலாம். சொட்டு மருந்து இன்னும் வீரியம், ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஒரு வேளை அளவு. 12 கிலோ என்றால் 120 முதல் 180 வரை. அதாவது 120 பாட்டிலில் 5 மில்லி சரி. 250 பாட்டிலில் அதே 5 மில்லி கொடுத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு போய்விடும். வீட்டு ஸ்பூனில் ஊற்ற வேண்டாம். ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று மெடிக்கலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.