புதிய பதிப்புகளும் காப்புப் பிரதியும்: 2025இல் குவிந்த கேள்விகளுக்குப் பதில்கள்

படப்பிடிப்பில் பதிவான கார்டுகளை வட்டுகளுக்கு இறக்கி, சரிபார்த்து, தொகுப்பு மேசைக்கு அனுப்புவது என் தொழில். டாவின்சி ரிசால்வ், பிரீமியர் புரோ என்ற தொகுப்பு மென்பொருள்கள், மேக் இயங்குதளம், காப்பகத்துக்கான எல்டிஓ காந்த டேப் என எல்லாவற்றிலும் 2025இல் புதியது வந்துவிட்டதால் கேள்விகளும் குவிந்திருக்கின்றன. காப்புப் பிரதியைத் தொடும் கேள்விகளுக்கு விரிவாகவும் மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் எழுதுகிறேன்.

கேள்வி (திருமண ஒளிப்பதிவாளர், ஈரோடு): ரிசால்வ் 19இல் பல கல்யாணங்களின் வேலை பாதியில் நிற்கிறது. 20க்கு மாறலாமா?

பதில்: மாறலாம், கையில் உள்ளவற்றை முடித்துக் கொடுத்த பிறகு மாறுங்கள். ரிசால்வ் 20 ஏப்ரலில் சோதனைப் பதிப்பாகவும் மே மாத இறுதியில் முழுப் பதிப்பாகவும் வெளிவந்தது. அதில் ஒருமுறை திறந்துவிட்ட ப்ராஜெக்ட்டை மீண்டும் 19இல் திறக்க முடியாது. போட்டுப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் பழையதற்கே வந்துவிடுவோம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மென்பொருள் பழையதற்குத் திரும்பும், ப்ராஜெக்ட் திரும்பாது.

மாறுவதற்கு முன்பு ப்ராஜெக்ட் லைப்ரரி முழுவதையும் பேக்கப் எடுத்து, கணினியில் இல்லாத வேறொரு வட்டில் வையுங்கள். அதுபோக, முக்கியமான ஒவ்வொரு ப்ராஜெக்ட்டையும் டிஆர்பி கோப்பாகத் தனியே ஏற்றுமதி செய்யுங்கள். டிஆர்பியில் உங்கள் வெட்டுகளும் வண்ணத் திருத்தங்களும் இருக்கும், ஃபுட்டேஜ், அதாவது எடுத்த காட்சிகள், இருக்காது. ஃபுட்டேஜையும் சேர்த்துக் கட்டிவைக்க வேண்டுமானால் ப்ராஜெக்ட் ஆர்க்கைவ், அதாவது டிஆர்ஏ வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் டிஆர்பியை மட்டும் வைத்துக்கொண்டு, கார்டுகளை அழித்துவிட்டு வந்து நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வேலை நடக்கும்போது பதிப்பை மாற்றாதீர்கள். இதை இன்றைக்கு இன்னும் சில முறை சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது.

கேள்வி (விளம்பரப் படத் தொகுப்பாளர், சென்னை): பிரீமியரின் ஜெனரேட்டிவ் எக்ஸ்டெண்ட் கொண்டு சில ஷாட்டுகளை நீட்டித்துப் படத்தை முடித்துவிட்டேன். கார்டுகளின் பிரதி மூன்று இடங்களில் இருக்கிறது. அவற்றோடு ப்ராஜெக்ட் கோப்பையும் காப்பகத்துக்கு அனுப்பினால் போதுமா?

பதில்: போதாது. வந்த கேள்விகளிலேயே இதுதான் முக்கியமானது என்பதால் சற்று நீட்டியே எழுதுகிறேன்.

ஏப்ரலில் வந்த பிரீமியர் புரோ 25.2இல் இந்த வசதி சோதனை நிலையிலிருந்து முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஒரு ஷாட்டின் ஓரத்தில் இரண்டு விநாடி வரை படத்தையும், பத்து விநாடி வரை சூழல் ஒலியையும் அது புதிதாக உருவாக்கித் தருகிறது. 4கே அளவிலும் செய்கிறது. அப்படி உருவாகும் ஒவ்வொரு துண்டும் உங்கள் வட்டில் தனிக் கோப்பாக எழுதப்படுகிறது. அது எந்தக் கேமராக் கார்டிலும் இல்லை. தொலைந்தால் அதே கட்டளையை மீண்டும் கொடுக்கலாம். வருவது அதே சட்டகங்களாக இருக்காது. வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுத்த படம் ஒன்று, நீங்கள் பிறகு எடுத்துக் கொடுப்பது இன்னொன்று என்றாகிவிடும்.

நம் காப்பு முறை முழுவதும் ஒரே நம்பிக்கையின் மேல் நின்றிருந்தது: கார்டுகளின் பிரதியும் ப்ராஜெக்ட் கோப்பும் இருந்தால், தொகுப்பு அறையே எரிந்துபோனாலும் படத்தை மீட்டுவிடலாம். 2025இன் மேம்படுத்தல்கள் அந்த நம்பிக்கையைச் சத்தமில்லாமல் உடைத்துவிட்டன. மென்பொருளே இன்னொரு கேமராவாகிவிட்டது. அந்தக் கேமராவின் கார்டை மட்டும் யாரும் இறக்குவதில்லை.

ரிசால்விலும் இதே நிலைதான். 20ஆம் பதிப்பில் எடிட் பக்கத்திலிருந்தே குரலைப் பதிவு செய்ய முடிகிறது. வசதியானதுதான். ஆனால் அந்தக் குரல் கோப்பு எங்கே போய் அமர்கிறது என்று பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் விழிப்பார்கள். ப்ராஜெக்ட் அமைப்புகளில் கேப்சர் அண்ட் பிளேபேக் பகுதியில் குறித்திருக்கும் கோப்புறைக்கு அது போகிறது. நீங்கள் எதையும் மாற்றாமல் விட்டிருந்தால், எல்லாப் படங்களின் குரல்களும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும்.

இதற்காக எல்லாவற்றையும் காக்க வேண்டியதில்லை. ரெண்டர் கேஷ் (முன்கூட்டியே கணித்து வைத்த காட்சிகள்), ப்ராக்ஸி (தொகுப்பதற்கான சிறிய பிரதிகள்), மீடியா இன்டெலிஜென்ஸ் தேடலுக்காக உருவாகும் குறிப்புகள் ஆகியவை போனால் கணினி மீண்டும் செய்துகொள்ளும், நேரம்தான் செலவு. நீட்டிக்கப்பட்ட ஷாட், பதிவு செய்த குரல், வெளியிலிருந்து இறக்கிய இசை, கிராஃபிக்ஸ் ஆகியவை போனால் போனதுதான். ஆகவே, டைம்லைனில் அந்தத் துண்டை வலச்சொடுக்கி, கோப்பு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு பிரீமியரின் ப்ராஜெக்ட் மேனேஜர் வழியாக எல்லாக் கோப்புகளையும் ஒரே இடத்தில் சேகரித்து, அந்தத் தொகுதியைப் பழைய வட்டுகள் எதுவும் இணைக்கப்படாத இன்னொரு கணினியில் திறந்து பாருங்கள். மீடியா ஆஃப்லைன் என்ற சிவப்புப் பலகை ஓரிடத்தில்கூட வராவிட்டால் காப்பகத்துக்கு அனுப்பலாம்.

கேள்வி (குறும்பட இயக்குநர், திருச்சி): ரிசால்வ் 20இல் தோல் நிறம் 19இல் இருந்ததைப் போல இல்லை என்று தோன்றுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அது என் துறை அன்று. நல்ல கலரிஸ்ட் ஒருவரிடம், சரிபார்க்கப்பட்ட மானிட்டரில் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி (யூடியூப் சேனல் நடத்துபவர், நாகர்கோவில்): ஆப்பிளின் தொகுப்பு மென்பொருளான ஃபைனல் கட் தானாகவே பேக்கப் எடுத்துக்கொள்கிறது. தனியாக வேறு எடுக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் எடுக்க வேண்டும். ஃபைனல் கட் தானாக எடுப்பது லைப்ரரியின் தரவுத்தளப் பகுதியை மட்டுமே. அதில் உங்கள் வெட்டுகள் இருக்கும், ஒரு விநாடி வீடியோகூட இருக்காது. 2024 நவம்பரில் வந்த 11ஆம் பதிப்புக்கு நீங்கள் மாறியிருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். புதிய பதிப்புக்கு உயர்த்தப்பட்ட லைப்ரரியைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. உயர்த்துவதற்கு முன்பு லைப்ரரியை அப்படியே வேறு வட்டுக்கு நகலெடுத்துவிடுங்கள்.

கேள்வி (தொகுப்பாளர், சேலம்): பிரீமியர் 24இல் நடக்கும் படத்தை 25க்குக் கொண்டுபோகலாமா?

பதில்: வேலை நடக்கும்போது வேண்டாம். பிரீமியர் பழைய ப்ராஜெக்ட்டைத் தொடாமல் புதிய பெயரில் மாற்றித் தருவதால் ரிசால்வ் அளவுக்கு ஆபத்து இல்லை. ஆனால் மாற்றிய பிறகு நீங்கள் செய்த வேலை எதுவும் பழைய கோப்பில் இருக்காது.

கேள்வி (கார்டுகளை இறக்கிச் சரிபார்க்கும் டிஐடியின் உதவியாளர், சென்னை): கார்டு இறக்கும்போது எம்டி5 செக்சம் போடச் சொல்கிறார்கள். எம்டி5 உடைக்கப்பட்டுவிட்டது, எக்ஸ்எக்ஸ்ஹாஷ்தான் பாதுகாப்பானது என்கிறாரே நண்பர்?

பதில்: செக்சம் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்; எம்டி5, எக்ஸ்எக்ஸ்ஹாஷ் இரண்டும் அதைக் கணக்கிடும் முறைகள். நண்பர் இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார். எம்டி5 உடைந்தது என்றால், ஒரே செக்சம் வரும்படி இரண்டு கோப்புகளை வேண்டுமென்றே ஒருவர் தயாரிக்க முடியும் என்று பொருள். வேண்டுமென்றே செய்யும் அந்த மோசடியை எக்ஸ்எக்ஸ்ஹாஷும் தடுக்காது; அது அதற்காக எழுதப்பட்டதே அன்று. நமக்கு வேண்டியது கேபிள் பிழையாலோ வட்டுக் கோளாறாலோ ஒரு பிட் மாறினால் தெரிய வேண்டும் என்பது மட்டுமே. அதற்கு இரண்டும் போதும். எக்ஸ்எக்ஸ்ஹாஷ் பல மடங்கு வேகமானது. வேகமான எஸ்எஸ்டிக்கு இறக்கும்போது அந்த வேறுபாடு தெரியும், சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் வட்டுதான் தாமதம் என்பதால் தெரியாது. தயாரிப்பு நிறுவனம் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுங்கள். எதுவும் கேட்காவிட்டால் ஏஎஸ்சி எம்எச்எல் என்ற செக்சம் பட்டியல் வடிவத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு நகலெடுப்பையும் ஒரு தலைமுறையாக அது ஃபுட்டேஜ் கோப்புறைக்குள்ளேயே பதிந்துகொண்டு போவதால், எந்தப் பிரதியில் எப்போது கோளாறு நுழைந்தது என்று பின்னால் கண்டுபிடிக்க முடியும்.

காசு கொடுத்து ஆஃப்ஷூட், சில்வர்ஸ்டாக் போன்ற கார்டு இறக்கும் மென்பொருள்களை வாங்க முடியாதவர்கள் ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே மீடியா பக்கத்தில் உள்ள குளோன் கருவியைப் பயன்படுத்தலாம். அதுவும் செக்சம் போட்டுச் சரிபார்க்கும். இழுத்துப் போட்டு நகலெடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி (ஆவணப்பட நிறுவனம், கோவை): எல்டிஓ-9 டிரைவ் வாங்கி அதிக நாள் ஆகவில்லை. புதிய எல்டிஓ-10 டிரைவ் எல்டிஓ-9 டேப்பைப் படிக்காது என்கிறார்களே?

பதில்: உண்மைதான். எல்டிஓ-7 வரை ஒரு டிரைவ் இரண்டு தலைமுறை பின்னால் உள்ள டேப்பைப் படித்தது. எல்டிஓ-8இல் அது ஒரு தலைமுறையாகக் குறைந்தது. 2025இல் வந்த எல்டிஓ-10 தன் டேப்பைத் தவிர வேறு எதையும் படிப்பதில்லை. ஆனாலும் உங்கள் எல்டிஓ-9 நாளையே செத்துவிடாது. கொள்ளளவு 18 டிபியிலிருந்து, முதலில் வந்த எல்டிஓ-10 டேப்பில் 30 டிபி ஆனது. வேகம் விநாடிக்கு 400 எம்பி என்ற அளவிலேயே நிற்கிறது. எல்டிஓ-9 டேப் ஒன்றை முழுவதும் எழுதப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். அந்த எல்டிஓ-10 டேப்புக்கு அதே வேகத்தில் ஏறத்தாழ இருபத்தொரு மணி நேரம். உங்களுக்கு அவசரம் எதுவும் இல்லை.

இடையீடு (தொகுப்பாளர், மதுரை): அப்படியானால் டேப் என்பதே ஏமாற்று வேலை. பெட்டியில் 45 டிபி என்று அச்சிட்டுவிட்டு 18தான் கொள்கிறது. ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கி அலமாரியில் அடுக்கினால் எந்தக் கணினியும் படிக்குமே.

பதில்: 45 என்பது தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. கேமராவில் ஏற்கெனவே சுருக்கப்பட்ட வீடியோ மேலும் சுருங்காது என்பதால் நாம் 18 என்றே கொள்ள வேண்டும். இந்த மட்டில் உங்கள் கோபம் நியாயமானது. அலமாரி யோசனையை ஏற்க மாட்டேன். ஹார்ட் டிஸ்க்கில் தட்டு, தலை, மோட்டார், மின்பலகை எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் சுழலாமல் கிடந்த வட்டின் மோட்டார் எழும்பாவிட்டால் தரவும் அதோடு அடைபட்டுப்போகிறது. டேப்பில் தரவு மட்டும் இருக்கிறது. டிரைவ் கெட்டால் அந்த டேப்பை இன்னொரு டிரைவில் போட்டுப் படிக்கலாம்.

இடையீடு (ஒளிபரப்பு நிலையப் பணியாளர், சிங்கப்பூர்): பெரிய காப்பகங்கள் எப்படியும் இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிய டேப்புக்கு மாற்றிவிடும். மதுரை நண்பர் தேவையில்லாமல் பதறுகிறார்.

இடையீடு (மதுரை): பெரிய காப்பகத்துக்குப் பணம் இருக்கிறது. 30 ஆண்டு தாங்கும் என்று விற்ற டேப்பைப் பத்து ஆண்டில் ஏன் மாற்ற வேண்டும்?

பதில்: சரியான இடத்தில் குத்திவிட்டார். டேப் 30 ஆண்டு தாங்கலாம். அதைப் படிக்கும் டிரைவ் அதுவரை சந்தையில் கிடைக்க வேண்டுமே. தயாரிப்பாளர்கள் முதலாவதை மட்டும் விளம்பரம் செய்கிறார்கள். ஆகவே டேப்பின் விலையைக் கணக்கிடுபவர், அடுத்தடுத்த மாற்றங்களின் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். டிரைவ் ஒன்றே லட்சங்களில் விற்கும்போது, ஆண்டுக்குச் சில டிபி மட்டும் சேரும் கல்யாண ஸ்டூடியோ டேப் பக்கமே போக வேண்டாம். அவர்களுக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும், ஆண்டுக்கு ஒருமுறை இரண்டையும் முழுமையாகப் படித்துச் செக்சம் பார்க்கும் ஒழுக்கமும் போதும். ஆண்டுக்கு நூறு டிபிக்கு மேல் சேர்க்கும் ஆவணப்பட நிறுவனத்துக்கு டேப்தான் மலிவு. மதுரை நண்பரும் சிங்கப்பூர் நண்பரும் அவரவர் அளவுக்குச் சரியாகவே பேசுகிறார்கள். ஒன்று மட்டும்: எஸ்எஸ்டியை அலமாரியில் வைக்காதீர்கள். மின்சாரம் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அதன் தரவு கசியக்கூடும்.

கேள்வி (படத்தொகுப்பு மாணவர், சென்னை): எல்லாவற்றையும் கிளவுடில் வைத்துவிட்டால் இந்தச் சண்டையே வேண்டாமே?

பதில்: 10 டிபியை 100 எம்பிபிஎஸ் இணைப்பில், அதுவும் இடைவிடாமல் முழு வேகத்தில் ஏற்ற ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். திரும்ப எடுக்கும் கட்டணத்தையும் முன்பே விசாரியுங்கள். ப்ராஜெக்ட் கோப்புகளுக்கும் இறுதிப் பிரதிக்கும் கிளவுட் மிக நல்லது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்பவர்): ரிசால்வ் 20 ஸ்டூடியோவின் கிராக் பதிப்பில் ப்ராஜெக்ட் திறக்க மறுக்கிறது.

பதில்: அடுத்த கேள்வி.

கேள்வி (தொகுப்பாளர், வேலூர்): ரிசால்வ் 19இலிருந்து 20க்கு மாறலாமா? படம் பாதியில் இருக்கிறது.

பதில்: முதல் கேள்வியைப் படியுங்கள்.

கேள்வி (ஸ்டூடியோ உரிமையாளர், தஞ்சாவூர்): சைனாலஜியின் 2025 பிளஸ் நாஸ் பெட்டிகளில் (பல வட்டுகளை வலையமைப்பில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) அவர்களுடைய வட்டுகளை மட்டுமே போட வேண்டும் என்பது இன்னும் இருக்கிறதா?

பதில்: 2025 அக்டோபரில் வந்த டிஎஸ்எம் 7.3 இயங்குதளத்தில் அதைத் தளர்த்திவிட்டார்கள். பிற நிறுவனங்களின் ஹார்ட் டிஸ்க்குகளையும் போடலாம். ஆனால் நாஸ் பெட்டியில் ரெய்டு, அதாவது ஒரு வட்டு கெட்டாலும் தரவு போகாதபடி பல வட்டுகளில் எழுதும் முறை, இருப்பதால் காப்புப் பிரதி இருப்பதாக நினைக்காதீர்கள். கை தவறி அழித்த கோப்பை ரெய்டு எல்லா வட்டுகளிலும் உடனே அழித்துக் கொடுக்கும்.

கேள்வி (பழைய வீடியோக்களை மாற்றித் தருபவர், திருநெல்வேலி): மினிடிவி கேசட்டுகளை ஃபயர்வயர் வழியாக மேக்கில் இறக்குகிறேன். டஹோவுக்கு மாறலாமா?

பதில்: கூடவே கூடாது. 2025 செப்டம்பரில் வந்த மேக்ஓஎஸ் டஹோவில், ஃபயர்வயர் என்ற பழைய கேபிள் இணைப்புக்கான ஆதரவு நீக்கப்பட்டுவிட்டது. பழைய மேக் ஒன்றை இந்த வேலைக்கென்றே ஒதுக்கி, இப்போதுள்ள இயங்குதளத்திலேயே நிறுத்திவையுங்கள். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஏறத்தாழ 13 ஜிபிதான். கேசட்டுகள் கெடுவதற்குள் இறக்கிவிடுங்கள்.

கேள்வி (தொகுப்பாளர், விழுப்புரம்): விண்டோஸ் 10க்கு ஆதரவு நின்றுவிட்டதாமே? படம் பாதியில்...

பதில்: 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றது. படம் முடியும் வரை அந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரித்து வைத்து வேலையைத் தொடருங்கள். வேலை நடக்கும்போது இயங்குதளத்தையும் மாற்றாதீர்கள்.

கேள்வி (ஒளிப்பதிவு உதவியாளர், சென்னை): கார்டை எப்போது ஃபார்மட் செய்யலாம்?

பதில்: இரண்டு தனித்தனி வட்டுகளில் செக்சம் சரிபார்த்த பிரதி இருந்து, அவற்றில் ஒரு வட்டு வேறொருவர் கையில் வேறொரு இடத்துக்குச் சென்று சேர்ந்த பிறகு செய்யலாம். கணினியில் செய்யாமல், அந்தக் கார்டைப் பயன்படுத்தப்போகும் கேமராவிலேயே செய்யுங்கள். செய்வதற்கு முன்பு டிஐடியிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவர் தலையசைத்தால் போதாது, கார்டு எண்ணைச் சொல்லி ஆம் என்று பதில் சொல்ல வேண்டும்.