ரெஃப்ரி தப்பு பண்ணா டீமை வெளியே கூப்பிடலாமா? கேள்வி பதில்

வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் இருந்த நாளில் கால்பந்து ரெஃப்ரியாக விசில் எடுத்தவன் நான். வேலூர், ஆம்பூர், மேல்விஷாரம், அரக்கோணம் என்று 24 வருடம் ஆட்டம் நடத்தியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரி பக்கம் நடந்த செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம்) அரையிறுதியில் ஒரு பெனால்ட்டியை எதிர்த்து ஒரு டீம் பாதியில் வெளியேறியது. அதைப் பற்றித்தான் பெரும்பாலும் கேட்டிருக்கிறீர்கள்.

சார், பந்து எங்க டிஃபெண்டர் தோள்லதான் பட்டுச்சு, எல்லாரும் பாத்தோம். ஹேண்ட்பால்னு பெனால்ட்டி குடுத்துட்டாரு. நாங்க வெளிய வந்தது தப்பா? (காட்பாடி, கல்லூரி மாணவர்)

வெளியே வந்தது தப்புதான் தம்பி. தோளில் பட்டிருந்தால் முடிவும் தப்பு. அக்குளின் அடிப்பகுதிக்கு மேலே பட்டால் ஹேண்ட்பால் கிடையாது என்று 2020-இல் சட்டப் புத்தகத்தில் படம் போட்டே தெளிவாக்கிவிட்டார்கள். ஆனால் நீங்கள் கோட்டைத் தாண்டியதும் பேச்சே மாறிவிட்டது. இப்போது ஊரில் யாரும் அந்தத் தோளைப் பற்றிப் பேசவில்லை, நீங்கள் போனதைத்தான் பேசுகிறார்கள். அந்தப் பெனால்ட்டியை உங்கள் கீப்பர் பிடித்திருக்கலாம். அதற்கு நீங்கள் அவனை விடவே இல்லை.

கேரளா பிளாஸ்டர்ஸ் அன்னைக்கு வெளிய போனாங்களே, அவ்ளோ பெரிய கிளப்பே செஞ்சா நாம செய்யக் கூடாதா? (பேரணாம்பட்டு)

அந்தக் கதையை முழுசாகப் பாருங்கள். 2023 மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா மைதானம், ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) நாக் அவுட். 90 நிமிடத்தில் கோல் இல்லை. எக்ஸ்ட்ரா டைமில், 96-ஆவது நிமிடம், பெங்களூருக்கு ஃப்ரீ கிக். கேரளா கீப்பர் சுவர் அமைத்துக்கொண்டிருந்தபோதே சுனில் சேத்ரி அடித்துவிட்டார், கோல். விசிலுக்குக் காத்திருக்க வேண்டிய ஃப்ரீ கிக் அது என்பது கேரளா தரப்பு வாதம். கோச் இவான் வுகோமனோவிச் ஆட்டக்காரர்களை வெளியே அழைத்துவிட்டார்.

ரெஃப்ரி 'விசிலுக்கு நில்' என்று சைகை காட்டாதவரை ஃப்ரீ கிக்கைச் சட்டென்று எடுக்கலாம். காட்டிவிட்டால் விசில் வரும்வரை யாரும் தொடக்கூடாது. அன்று எது நடந்தது என்பதற்குள் நான் போகவில்லை. கேரளா சொல்வதே சரி என்று வைத்துக்கொள்வோம். கிடைத்தது என்ன? கோல் அப்படியே நின்றது, பெங்களூர் அடுத்த சுற்றுக்குப் போனது. மறுபடி ஆட்டம் நடத்தச் சொன்ன புகார் தள்ளுபடி. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம். பொது மன்னிப்பும் கேட்க வேண்டியதாயிற்று. இன்னும் இருபது நிமிடத்துக்கு மேல் ஆட்டம் பாக்கி இருந்தது. ஒரு கோல் போட்டுச் சமன் செய்ய அது போதாதா? அந்த நிமிடங்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அப்போ புகார் குடுத்து எதுவுமே மாறினதில்லையா? (திருப்பத்தூர்)

மாறியிருக்கிறது. இதைத்தான் ஒவ்வொரு கேப்டனும் தெரிந்துகொள்ள வேண்டும். தப்பில் இரண்டு வகை. தோளா கையா, ஃபவுலா இல்லையா என்பது ரெஃப்ரியின் கண் கண்டது. சட்டம் 5-இன்படி அது கடைசி முடிவு, எந்தப் புகாரும் அசைக்காது. சட்டத்தையே தப்பாகப் போடுவது வேறு. 2005-இல் உஸ்பெகிஸ்தான்–பஹ்ரைன் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். உஸ்பெகிஸ்தான் பெனால்ட்டியைக் கோலாக்கியது, ஆனால் அவர்கள் ஆள் ஒருவர் முன்கூட்டியே பாக்ஸுக்குள் நுழைந்துவிட்டார். மறுபடி அடிக்கச் சொல்ல வேண்டும். ரெஃப்ரியோ பஹ்ரைனுக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் (இன்னொருவர் மேல் படாமல் நேராக வலைக்குள் போனால் கோல் ஆகாத கிக்) கொடுத்துவிட்டார். 1–0 என்று ஜெயித்தும் உஸ்பெகிஸ்தான் புகார் கொடுத்தது, 3–0 என்று அறிவிக்கச் சொல்லி. ஃபிஃபா முழு ஆட்டத்தையும் மறுபடி நடத்தச் சொன்னது. அது 1–1, பஹ்ரைனில் நடந்த அடுத்தது 0–0, வெளியூரில் போட்ட கோல் கணக்கில் பஹ்ரைன் முன்னேறிவிட்டது. புகாரை ஒப்புக்கொண்டாலும் கேட்டது கேட்டபடி கிடைக்காது.

என் கையாலேயே அப்படி ஒரு தப்பு நடந்தது. இன்டைரக்ட் ஃப்ரீ கிக், அதற்கான சைகையாகக் கையைத் தூக்கிக் காட்டியிருந்தேன். பந்து யார் மேலும் படாமல் நேராக வலைக்குள் போனது. என்ன நினைப்பில் இருந்தேனோ, கோல் என்று நடுக்கோட்டைக் காட்டிவிட்டேன். பத்துப் பேர் கத்திக்கொண்டு வந்தார்கள், ஒரு வார்த்தை காதில் விழவில்லை. கேப்டன் பையன் அவர்களைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்து, "சார், நீங்க கை தூக்கி இருந்தீங்க" என்றான். அவ்வளவுதான். ஆட்டம் மறுபடி தொடங்காததால் மாற்ற எனக்கு அதிகாரம் இருந்தது, கோல் கிக் கொடுத்தேன். அந்தப் பையனுக்கு நான் கடன்பட்டவன்.

மடகாஸ்கர்ல ஒரு டீம் தன் கோல்லயே அடிச்சு எதிர்ப்பு காட்டுச்சாமே, நிஜமா? (வாணியம்பாடி)

நிஜம். 2002-இல் நடந்தது, 149–0. கோச்சுக்கு 3 வருடத் தடை விழுந்தது.

பசங்க ரெஃப்ரியைச் சுத்தி நிக்கறதை எப்படி நிறுத்தறது சார்? (ராணிப்பேட்டை, பி.டி. ஆசிரியர்)

2024 யூரோவில் கேப்டன் மட்டும் ரெஃப்ரியிடம் வரலாம், மற்றவர் வந்தால் மஞ்சள் அட்டை என்று வைத்தார்கள். உங்கள் பிராக்டிஸ் ஆட்டத்திலேயே அதைப் பழக்குங்கள். கேப்டனுக்குச் சட்டப் புத்தகத்தைப் படிக்கக் கொடுங்கள், அது அதைவிட முக்கியம்.

வி.ஏ.ஆர். வந்துட்டா இந்தச் சண்டையே இருக்காதுல்ல? (ஆம்பூர்)

வி.ஏ.ஆர். என்பது வீடியோ பார்த்து முடிவைச் சரிபார்க்கும் முறை. அது வந்தாலும் சண்டை இருக்கும். 2023 செப்டம்பரில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் போட்ட நல்ல கோல், வீடியோ அறையில் இருந்தவர்கள் சரியாகப் பேசிக்கொள்ளாததாலேயே போனது.

கிளப் நிர்வாகம் வாயை மூடிட்டே இருக்கணும்னு சொல்றீங்களா? (குடியாத்தம், கிளப் செயலாளர்)

ஐயோ, இல்லை. கிளப்தான் பேச வேண்டும், விடாமல் பேச வேண்டும். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்தும் கோல் இல்லை என்றார்கள். அதற்கு எழுந்த குரலால்தான் 2012-இல் கோல்கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு (பந்து கோட்டைத் தாண்டியதா என்று கருவியே சொல்லும் முறை) அனுமதி கிடைத்தது, 2014 உலகக் கோப்பையில் பயன்பாட்டுக்கும் வந்தது.

நம் ஊரில் கேட்க வேண்டியது அவ்வளவு பெரிதில்லை. மே மாத வெயிலில் ஒரே ஆளை நாளுக்கு நாலு ஆட்டம் ஓட விடுகிறீர்கள். லைன்ஸ்மேன் என்று கொடி பிடிப்பவர் டோர்னமென்ட் நடத்துபவரின் தம்பி. நாலாவது ஆட்டத்தில் என் கால் பந்துக்கு இருபது மீட்டர் பின்னால்தான் இருந்தது, அங்கிருந்து தோளா கையா என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்? என்ட்ரி ஃபீஸ் கட்டும்போதே கேளுங்கள்: பயிற்சி பெற்ற ரெஃப்ரி இருவரா, லைன்ஸ்மேன் வெளியாளா, ஒருவருக்கு ஒரு நாளில் எத்தனை ஆட்டம்? பதில் சரியில்லை என்றால் டீமை அனுப்பாதீர்கள். அந்த எதிர்ப்பில் எந்த ஆட்டமும் பாதியில் நிற்காது.

மறுபடியும் நான்தான் சார். இனிமே நாங்க புகார் எழுதினா பிரயோஜனம் உண்டா? (காட்பாடி)

ரிசல்ட் மாறாது தம்பி, அது கண் கண்ட முடிவு. ஆனாலும் எழுதுங்கள். எத்தனையாவது நிமிடம், ரெஃப்ரி எங்கே நின்றார், லைன்ஸ்மேன் யார், அது அவருக்கு எத்தனையாவது ஆட்டம் என்று ஒரு பக்கத்துக்குள். திட்டு வேண்டாம். கேப்டன் கையெழுத்துப் போடட்டும். முதல் வரியில், நாங்கள் வெளியேறியது தவறு என்று எழுதுங்கள். ஒரு நகலை அந்த ரெஃப்ரியிடமும் கையில் கொடுங்கள்.