அறுபது வயதில் கறுப்புக் கோட்டு: ஏஜென்டை விடுங்கள், பிளஸ் டூ மார்க் ஷீட்டைத் தேடுங்கள்

கேள்வி: எனக்கு 60 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். பத்தாம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுவிட்டது. வேலையில் இருந்தபோது பிளஸ் டூ எழுதாமலேயே திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மூலமாக பி.ஏ. வரலாறு முடித்தேன். எல்.எல்.பி. படித்து வக்கீலாக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கே.எஃப்.சி. ஆரம்பித்தவரே 60 வயதுக்கு மேல்தான் ஜெயித்தார் என்று என் மகள் உற்சாகப்படுத்துகிறாள். ஆனால் 45 வயதுக்கு மேல் வக்கீலாகப் பதிவு செய்ய மாட்டார்கள் என்று உறவினர் சொல்கிறார். பக்கத்து மாநிலத்தில், கல்லூரிக்கே போகாமல் பட்டம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஐயா, கொடுக்காதீர்கள். இந்தப் பதிலில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் வயதுக் கவலையை முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் சொல்வதற்கு அதிகம் இல்லை.

உங்கள் உறவினர் சொல்லும் 45 வயது விதி ஒரு காலத்தில் இருந்தது உண்மைதான். 1993-ல், வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் அப்படி ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து தொழிலின் தரத்தைக் கெடுக்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்துவிட்டது. வழக்கறிஞர்கள் சட்டம் 21 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று கீழ் வரம்புதான் சொல்கிறது, மேல் வரம்பு சொல்லவில்லை. சட்டத்தில் இல்லாத தடையைப் பார் கவுன்சில் போட முடியாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். தீர்ப்பு வந்து 30 ஆண்டுகள் ஆகியும் டீக்கடைப் பேச்சில் அந்த 45 இன்னும் உயிரோடு இருக்கிறது.

அதோடு விட்டார்களா? இல்லை. பதிவில் முடியவில்லை என்றதும் கல்லூரி வாசலில் கயிறு கட்டினார்கள். 2008 சட்டக் கல்வி விதிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20, மூன்றாண்டுப் படிப்புக்கு 30 என்று வயது வரம்பு வந்தது. இடையில் கைவிட்டார்கள், 2016-ல் மறுபடி எடுத்துக்கொண்டு வந்தார்கள், 2017-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஒரு மனிதர் எந்த வயதில் சட்டம் படிக்கிறார் என்பதில் காட்டிய அக்கறையில் பாதியை, பெயரளவில் மட்டும் இயங்கும் லெட்டர் பேடு கல்லூரிகள் மேல் காட்டியிருந்தால், உங்களிடம் முன்பணம் கேட்க இன்று ஏஜென்ட் என்று ஒருவர் இருந்திருக்க மாட்டார்.

ஆக, வயது உங்களுக்குத் தடை இல்லை. தடை, உங்கள் கடிதத்தில் நீங்களே போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒரு வரியில் இருக்கிறது: 'பிளஸ் டூ எழுதாமலேயே'.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். தபாலில் படித்த பட்டம் சட்டக் கல்லூரிக்குச் செல்லாது என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. அது தவறு. அஞ்சல் வழியில், தொலைநிலைக் கல்வியில் படித்த பிளஸ் டூவும் சரி, பட்டமும் சரி, செல்லும் என்று பார் கவுன்சில் விதியிலேயே விளக்கமாக எழுதியிருக்கிறது. எழுதாதது போல் சில அலுவலகங்களில் நடந்துகொள்கிறார்கள், அது வேறு கதை. செல்லாதது எது என்றால், அடிப்படைத் தகுதி இல்லாமல் நேரடியாகப் பெற்ற பட்டம். அதாவது பத்தாவது இல்லாமல் பிளஸ் டூ, பிளஸ் டூ இல்லாமல் டிகிரி, டிகிரி இல்லாமல் எம்.ஏ. அதே விதியில் அடுத்த விளக்கமாக இதுவும் இருக்கிறது. வீட்டிலிருந்து படித்தீர்களா, வகுப்பில் உட்கார்ந்து படித்தீர்களா என்பது பிரச்சினையே இல்லை. படிகளை வரிசையாக ஏறினீர்களா, ஒன்றைத் தாண்டிக் குதித்தீர்களா என்பதுதான் கேள்வி. பத்தாவது, பிளஸ் டூ, மூன்று வருடப் பட்டம் மூன்றையும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே முடித்தவருக்கு எல்.எல்.பி. கதவு திறக்கும். பத்தாவதுக்குப் பிறகு ஒரே தாவலாகப் பட்டத்துக்குப் போனவருக்கு, அந்தப் பட்டத்தில் முதல் வகுப்பே வாங்கியிருந்தாலும் திறக்காது. நீங்கள் இரண்டாவது ரகம்.

உங்கள் பி.ஏ. போலி என்று நான் சொல்லவில்லை. நேர்மையாகப் படித்து எழுதிய தேர்வு அது. பிளஸ் டூ இல்லாதவர்களுக்கு ஒரு முன்தயாரிப்புப் படிப்போ நுழைவுத் தேர்வோ வைத்துப் பட்டப் படிப்பில் சேர்த்துக்கொள்வது இந்தியாவில் பல பல்கலைக்கழகங்கள் செய்ததுதான். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். அரசுப் பல்கலைக்கழகங்களே விளம்பரம் கொடுத்து, கட்டணம் வாங்கி, பட்டமளிப்பு விழாவில் அங்கி போட்டுப் பட்டம் கொடுத்தன. 2009-ல், முதல் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு தமிழக அரசும், பத்தாவதும் பிளஸ் டூவும் முடித்த பிறகு பெற்ற திறந்தநிலைப் பட்டங்களைத்தான் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்போம் என்று ஆணை போட்டது. விற்றவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வாங்கினவர்கள் மட்டும் கையில் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு கவுன்ட்டர் கவுன்ட்டராக நிற்கிறார்கள்.

சரி, இப்போது ஒரு பிளஸ் டூ எழுதி, ஏற்கெனவே இருக்கும் பி.ஏ.வோடு சேர்த்துக் காட்டினால் என்ன என்று கேட்பீர்கள். வேண்டாம். பட்டத்துக்குத் தேவையான அடிப்படைத் தகுதி, பட்டத்தில் சேரும்போது கையில் இருந்திருக்க வேண்டும். பின்னால் வாங்கி ஒட்டவைத்த பிளஸ் டூவை நம்பி மூன்று வருடம் படித்துவிட்டு, கடைசியில் பதிவு செய்யும் இடத்தில் சிக்கினால் உங்கள் வயதில் அதைத் தாங்கிக்கொள்வது கடினம். அப்படிச் சிக்கினவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு என்னதான் வழி? பிளஸ் டூ எழுதுங்கள். பழைய பி.ஏ.வை மறந்துவிட்டு எழுதுங்கள். தமிழக அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் அறிவிப்பைப் பார்த்துத் தனித்தேர்வராக எழுதலாம். அல்லது என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் சேரலாம். அது மத்திய அரசின் வாரியம், மேல் வயது வரம்பு கிடையாது, ஐந்து பாடங்கள், வருடத்தில் இரண்டு முறை பொதுத் தேர்வு. உங்களைப் போல் பத்தாவதை எப்போதோ முடித்தவர்கள் ஒரு வருடத்தில் முடித்துவிடலாம், இழுத்தாலும் இரண்டு. அதன் பிறகு இரண்டு பாதை. ஒன்று, புதிதாக மூன்று வருடப் பட்டம், அப்புறம் மூன்று வருட எல்.எல்.பி. இன்னொன்று, பிளஸ் டூவிலிருந்து நேராக ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு. கூட்டிப் பாருங்கள், இரண்டாவதில் ஒரு வருடம் மிச்சம். ஆனால் பக்கத்து பெஞ்சில் 17 வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், தினமும் கல்லூரிக்குப் போக வேண்டும். முதல் பாதையில் மூன்று வருடப் பட்டத்தையாவது வீட்டிலிருந்தே தொலைநிலையில் முடித்துக்கொள்ளலாம். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு நான் முதல் பாதையைத்தான் சொல்வேன்.

எப்படிப் போனாலும் 66, 68 வயதில்தான் கையில் சட்டப் பட்டம் வரும். இதைக் கேட்டு மனம் தளர்ந்தால் அதில் வெட்கம் இல்லை. கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. மதிப்பெண்ணிலும் கவனம் வேண்டும். சட்டப் படிப்புக்குக் குறைந்தது 45 சதவீதம், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 40. அது விண்ணப்பிக்க மட்டும்தான். கட்டணம் குறைவான அரசு சட்டக் கல்லூரிகளில் இடம் கிடைக்க அதைவிட நிறையவே வேண்டியிருக்கும். சும்மா பாஸ் ஆனால் போதும் என்று பிளஸ் டூவை எழுதாதீர்கள்.

மகள் சொன்ன கே.எஃப்.சி. காரரைப் பற்றி ஒரு வார்த்தை. வாட்ஸப்பில் சுற்றும் கதையில் அவர் வெறும் கையோடு 60-க்கு மேல் கிளம்பினவர். உண்மையில் கர்னல் சாண்டர்ஸ் 1930-லிருந்தே கென்டக்கி மாநிலத்தில் கார்பின் என்ற ஊரில் சமைத்துப் பரிமாறிக்கொண்டிருந்தவர். 1952-ல், 62 வயதில், முதல் கிளை உரிமையைக் கொடுத்தபோது தொழில் கையில் இருந்தது. எனக்கு அவரைவிட நம் பக்கத்து ஆட்கள்தான் உதாரணத்துக்குத் தோதானவர்கள். பாட்னாவில் ராஜ்குமார் வைஷ்யா என்பவர் 2017-ல், 98 வயதில், நாளந்தா திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. பொருளாதாரம் தேறினார். அவரால் எப்படிச் சேர முடிந்தது? கீழ்ப் படிகள் எல்லாம் அவரிடம் இருந்தன. சட்டப் பட்டத்தை 1940-லேயே வாங்கி வைத்திருந்தார். கேரளத்தில் கார்த்தியாயினி அம்மா பள்ளிக்கூடமே போகாதவர். 2018-ல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கினார். கொல்லத்தில் பாகீரதி அம்மா 105 வயதில் எழுதியது நான்காம் வகுப்புக்கு இணையான தேர்வு. எந்தப் படியில் நின்றார்களோ அதற்கு அடுத்த படியில்தான் கால் வைத்தார்கள். அவர்களுக்கு ஒரு ஏஜென்ட் கிடைத்திருந்தால், 'பாட்டி, நேராக பி.ஏ. வாங்கித் தருகிறேன்' என்றிருப்பான்.

ஏஜென்ட் என்றதும் ஞாபகம் வருகிறது, முன்பணம் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. எல்.எல்.பி.யை அஞ்சல் வழியில் படிக்க முடியாது. இந்தியாவில் எங்கேயும் முடியாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. 'போகாமலே பட்டம்' என்றால், நீங்கள் வராத நாளில் வந்ததாக வருகைப் பதிவேட்டில் யாரோ எழுதுகிறார் என்று பொருள். பொய்ப் பதிவேடு உங்கள் பெயரில் இருக்கும், ஏஜென்ட் பெயரில் இருக்காது. முன்பெல்லாம் இது ஓடியது. 2023 ஏப்ரலில் வழக்கறிஞர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்க உச்ச நீதிமன்றமே ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்தது. ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருப்பவர்களின் பட்டங்களையே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிச் சரிபார்க்கும் காலத்தில், ஓய்வுப் பணத்தை எடுத்து இதில் போடுவது கிணற்றில் போடுவதுதான். உங்களைப் போன்ற ஓய்வு பெற்றவர்களை இவர்கள் குறிவைப்பதற்குக் காரணமும் அந்தப் பணம்தான். கையில் மொத்தமாகத் தொகை இருக்கும், ஆசை இருக்கும், ஏமாந்தால் வெளியில் சொல்ல வெட்கப்படுவார்கள்.

இவர்கள் பேச்சில் மூன்று வாக்கியம் தவறாமல் வரும். 'ஒரிஜினலைக் கொடுங்கள், நாளைக்கே திருப்பித் தருகிறேன்.' கொடுத்தால் பாக்கிப் பணம் கட்டும்வரை திரும்பி வராது. எந்தக் கல்லூரியும் இடைத்தரகர் மூலமாக ஒரிஜினல் கேட்காது. 'பிளஸ் டூ இல்லையா, அதையும் நானே ஏற்பாடு பண்ணுகிறேன்.' அது போலிச் சான்றிதழ், குற்ற வழக்கு, ஓய்வூதியம் வாங்கும் வயதில் ஜாமீனுக்கு அலைய வேண்டாம். 'பார் கவுன்சிலில் பதிவுக்கும் சேர்த்துத்தான் இந்த ரேட்.' பதிவுக் கட்டணம் என்று சட்டம் சொல்வது 750 ரூபாய், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 125. முத்திரைக் கட்டணம் இருந்தால் அது தனி. மாநில பார் கவுன்சில்கள் ஆளுக்கொரு பெயர் வைத்து ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்ததை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. அதை அவர்களாகவே நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பதிவு தவிர, அகில இந்தியப் பார் தேர்வு என்று ஒன்றும் இருக்கிறது. அதற்கு வயது வரம்பு இல்லை, 45 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ஓய்வூதியம் வாங்குவதும் தடை இல்லை. முழுநேரச் சம்பள வேலையில் இருந்தால்தான் வழக்கறிஞராகத் தொழில் செய்யக் கூடாது. அதெல்லாம் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழியும் சொல்கிறேன், ஏழு எட்டு வருடம் காத்திருக்க மனமில்லை என்றால். நீங்கள் எதற்காக வக்கீலாக விரும்புகிறீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. கோர்ட்டில் நின்று வாதாடத்தான் ஆசை என்றால் மேலே சொன்னதைத் தவிர வேறு வழி கிடையாது. ஊர் ஜனங்களுக்குச் சட்ட உதவி செய்ய வேண்டும் என்பதுதான் எண்ணம் என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய், சட்டத் தன்னார்வலர் தேர்வு எப்போது என்று கேளுங்கள். ஓய்வு பெற்ற அரசு ஊழியர்கள், மூத்த குடிமக்கள் ஆகியோரைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அந்தத் திட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பட்டம் தேவையில்லை. பயிற்சி அவர்களே கொடுப்பார்கள். பெரிய வருமானம் வராது. பயிர்க்கடன் நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வருகிறவர்களுக்கு, கூட்டுறவுச் சங்கத்தில் காலமெல்லாம் பேரேடு எழுதின நீங்கள், புதிதாகக் கோட்டு போட்ட இளம் வக்கீலைவிடத் தெளிவாக விளக்கம் சொல்வீர்கள். பிளஸ் டூ படித்துக்கொண்டே இதையும் செய்யலாம்.

ஏஜென்டிடம் சான்றிதழ் நகல்களோ பணமோ ஏற்கெனவே போய்விட்டதா என்று தெளிவாக எழுதவில்லை. போயிருந்தால், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள், அவர் அனுப்பிய வாட்ஸப் செய்திகளை அழிக்காதீர்கள். தராவிட்டால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால் புகார் கொடுத்ததற்குக் கையில் அத்தாட்சி இருக்காது.