ஒற்றை முடிச்சில் நிற்கும் உடை
ஜப்பான் அரண்மனை உடைகள்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: 2019 அக்டோபர் 22 அன்று நடந்த அரியணை ஏற்பு விழாவில் பேரரசி மசாகோ அணிந்திருந்ததைப் ‘பன்னிரண்டு அடுக்கு உடை’ என்றார்கள். உண்மையிலேயே பன்னிரண்டா?

பதில்: ‘ஜூனிஹிதோயே’ என்ற சொல்லுக்கு அதுதான் பொருள். ஆனால் அது பின்னாளில் நிலைத்த பேச்சு வழக்கு. அடுக்கு நிறைய என்பதைச் சொல்லும் பெயர், அவ்வளவுதான். முறையான பெயர் ‘இத்சுத்சுகினு, காராகினு, மோ’. உள்ளிருந்து வெளியே வருவோம். முதலில் குறுகிய கைவாய் கொண்ட உள்ளங்கியான வெள்ளைக் கொசோதே. அதன்மேல் தரையில் புரளும் நீளக் காற்சட்டையான சிவப்பு நாகாபகாமா. பிறகு உள்துணி இல்லாத ஒற்றை அங்கியான ஹிதோயே. அதற்கு மேல் ஒரே வெட்டில் ஐந்து அங்கிகள், இவைதான் இத்சுத்சுகினு. அடுத்தது பளபளப்பு வரும்வரை தட்டிய பட்டான உச்சிகினு, அதன்மேல் மேலங்கியான உவாகி. எல்லாவற்றுக்கும் மேலே இடுப்பளவு நிற்கும் காராகினு. பின்பக்கம் விசிறிபோல் விரிந்து தரையில் இழுபடுவது மோ. முந்தானை போல இதைப் பின்தானை எனலாம். மொத்த எடை 15 முதல் 20 கிலோ வரை என்பார்கள்.

இன்றைய கிமோனோவின் மூதாதை இதில் எது என்று பலர் கேட்கிறார்கள். மேலே தெரியும் அங்கிகள் எதுவும் இல்லை. அடியில் ஒளிந்திருக்கும் அந்தக் கொசோதேதான்.

கேள்வி: அகலப் பட்டை எதுவும் இடுப்பில் தெரியவில்லை. இத்தனை துணியும் சரியாமல் நிற்பது எப்படி?

பதில்: இந்த உடையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. தானாக உடுத்த முடியாது; முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என இருவர் வேண்டும். இந்தக் கலைக்கு எமோன் என்று பெயர். ஹெயன் காலத்தின் (794–1185) பெரும்பகுதியில் உடைகள் மெத்தென்று இருந்தன. பேரரசர் தோபாவின் காலத்தில், 12ஆம் நூற்றாண்டில், விறைப்பாக நிற்கும் துணிகள் வழக்குக்கு வந்தன. விறைப்புத் துணி சொன்ன பேச்சைக் கேட்காது. மடித்துப் பணியவைக்கத் தேர்ந்த கை வேண்டியிருந்தது. அப்படி வளர்ந்த கலையை தாககுரா, யாமாஷினா என்ற இரு குடும்பங்களின் மரபுகள் இன்றுவரை காத்துவருகின்றன.

வேலை நடப்பது இப்படி. பின்னவர் அங்கியைத் தோளில் ஏற்றி, கழுத்துப்பட்டியை நடு முதுகுக்கு நேராக்கி, முதுகுத் துணியை நீவிவிடுவார். முன்னவர் மண்டியிட்டபடியே இரு கழுத்துப்பட்டிகளையும் வாங்கி, இடப்பக்கம் மேலே வரும்படி குறுக்காகப் போட்டு, ஒரு மெல்லிய கயிற்றால் கட்டுவார். அடுத்த அங்கி மேலே வரும். அதை இரண்டாவது கயிற்றால் கட்டியதும், அடியில் இருக்கும் முதல் கயிற்றை உருவி எடுத்துவிடுவார்கள். உருவிய கயிறு மூன்றாவது அங்கிக்கு. ஆக, எத்தனை அடுக்கு ஏறினாலும் இரண்டே கயிறுதான் மாறி மாறி வேலை செய்யும். எல்லாவற்றையும் உள்ளேயே விட்டால் இடுப்பு புடைக்கும், வயிற்றை அறுக்கும்.

கடைசியில் மோவின் பட்டையை முதுகில் அழுத்தி, அதன் நாடாவை முன்னால் கொண்டுவந்து முடிவார்கள். அதன்பின் உள்ளே எஞ்சிய கயிறும் வெளியே வந்துவிடும். மொத்த உடையும் இப்போது அந்த ஒற்றை முடிச்சில்!

தவறு நேரும் இடங்கள் மூன்று. மேல்கட்டு இறுகுமுன் கீழ்க்கயிற்றை உருவினால் உள்ளடுக்குகள் நெகிழும். வெடுக்கென்று இழுத்தால் கழுத்துப்பட்டி கூடவே நகரும். படிப்படியாகத் தெரியவேண்டிய நிற விளிம்புகளில் ஒன்று காணாமல் போகும். உள்ளே போனதை மட்டும் சரிசெய்ய வழியில்லை, அந்த அடுக்குவரை கழற்றத்தான் வேண்டும். முன்கட்டு தளர்ந்தால், தரையில் புரளும் துணியின் கனம் முழுவதையும் பின்னுக்கு இழுத்து, கழுத்தைத் திறந்துவிடும்.

அவிழ்ப்பது சுலபம். முடிச்சை விட்டால் அத்தனை அடுக்கும் சேர்ந்தே நழுவும்; அணிந்தவர் வெளியே வர, உடை அப்படியே கூடாக நிற்கும். இதை ‘உத்சுசெமி’, அதாவது சிள்வண்டு உரித்துவிட்ட கூடு என்கிறார்கள். இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

கேள்வி: விளிம்பில் மட்டும் தெரியும் நிறங்களுக்கு ஏன் இத்தனை கவனம்?

பதில்: ஹெயன் கால உயர்குடிப் பெண்கள் பெரும்பாலும் மூங்கில் திரைக்குப் பின்னால்தான் அமர்ந்தார்கள். திரைக்கு அடியிலும் வண்டியின் ஓரத்திலும் வெளியே விட்ட கைத்தலைப்பு மட்டுமே மற்றவர் கண்ணில் பட்டது. அந்த நாலு விரல் துணிதான் அணிந்தவரின் ரசனையைச் சொல்லும். ஹிதோயேயை எல்லாவற்றையும்விடப் பெரிதாக வெட்டி, மேலே போகப்போகச் சிறிதாக்குவதும் இதற்காகவே.

பட்டு மெல்லியது, வெள்ளைக்கு அடியில் சிவப்பு உள்துணி வைத்தால் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்கு ‘சகுரா’ என்று பெயர், இளவேனிலுக்கு உரியது. ஐந்து அங்கியும் ஒரே நிறத்தில் அடர்த்தி குறைந்துகொண்டே போனால் ‘நியோய்’. குறைந்து குறைந்து கடைசி இரண்டும் வெள்ளையாகிவிட்டால் ‘உசுயோ’. பருவம் தப்பிய சேர்க்கை, துணி எவ்வளவு உயர்ந்ததானாலும், அறியாமையாகவே எண்ணப்பட்டது.

கேள்வி: அதே விழாவில் பேரரசரின் உடை சில படங்களில் பழுப்பாகவும் சிலவற்றில் செம்மஞ்சளாகவும் இருந்ததே?

பதில்: அந்த நிறமே அப்படி. பெயர் ‘கோரோசென்’, 820இல் பேரரசர் சாகா காலத்தில் பேரரசருக்கென்று விதிக்கப்பட்டது, வேறு யாரும் உடுத்தக்கூடாது. 927இல் முடிந்த ‘எங்கிஷிகி’ சட்டத்தொகுப்பில் சாய அளவே இருக்கிறது: ஒரு பீஸ் பட்டுக்கு ஹாஜே மரக்கட்டை 14 கின் (பழைய எடை அளவு), பதிமுகக் கட்டை 11 கின், கூடவே புளிக்காடியும் சாம்பலும். ஹாஜே மஞ்சளைத் தரும், பதிமுகம் சிவப்பை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால் வெளிச்சத்துக்கு ஏற்பச் சாயல் மாறும். பதிமுகம் சற்றுத் தூக்கலானால் சிவந்துபோகும். இரும்புச் சத்து பட்டால் கருத்துவிடும்.

மற்ற ஆண்களின் முறைசார் அரண்மனை உடையான சொகுதாயில் ஹெயன் நடுப்பகுதியிலிருந்து அரசவைப் பதவியில் நான்காம் தரமும் அதற்கு மேலும் கறுப்பு, ஐந்தாம் தரம் சிவப்பு.

கேள்வி: இவற்றைத் துவைப்பார்களா?

பதில்: முழுதாகத் தண்ணீரில் போடக்கூடாது. ஹிதோயேயின் ஓரங்கள் தையல் இல்லாமல் பசை தொட்டு முறுக்கியவை, நனைந்தால் பிரிந்துவிடும். குசும்பாப் பூச் சிவப்பு காரநீரில் கரைந்தோடும், வெயிலில் வெளுக்கும். ஈரமில்லாத நாளில் நிழலில் காற்றாட விடுவதே வழி. மணத்துக்கு, தூபக்கலத்தின்மேல் ‘ஃபுசெகோ’ என்ற கூடைச் சட்டத்தைக் கவிழ்த்து அதன்மேல் அங்கியைப் பரப்புவார்கள். முதலில் வெந்நீர் ஆவி காட்டி இழையை லேசாக ஈரமாக்க வேண்டும்; உலர்ந்த பட்டில் புகை தங்காது.